ஒரு சந்தியைக் கணினிக்குள் இறக்குவது

காலை ஆறரைக்கு முன்னம் சந்தியில் போய் நில்லுங்கள். மடிக்கணினி வீட்டில் இருக்கட்டும். ஒரு கொப்பி, பென்சில், தண்ணீர்ப் போத்தல் போதும். பேனை வேண்டாம். வியர்வைக் கை பட்டு மை இழுபட்டால் எட்டு எது, மூன்று எது என்று பின்னேரம் தெரியாது. முதல் நாள் எதையும் எண்ணவும் வேண்டாம். பாருங்கள், அவ்வளவுதான்.

நான் செய்கிற வேலைக்குத் தமிழில் இன்னும் வாய்க்கு இதமான பெயர் வரவில்லை. போக்குவரத்துத் திட்டமிடல் ஆலோசகர் என்று விசிற்றிங் கார்ட்டில் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் அயலவை கேட்டால் "அவன் றோட்டுக்குப் படம் கீறுறவன்" என்பா. அதுவும் பிழையில்லை. ஒரு சந்தியை உடைத்துக் கட்டுவதற்கு முன், கட்டினால் வாகனம் எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது வேலையின் முதல் பாதி. அதைப் பொறியியல் படிக்காத சனத்துக்கும் விளங்கும்படி படமாகவும் வீடியோவாகவும் காட்டுவது மற்றப் பாதி. பெரிய கந்தோர்களில் இதை இரண்டு பேர் செய்வார்கள். இரண்டு பேரும் தேத்தண்ணிக்குக்கூட ஒன்றாய்ப் போகாத இடங்களையும் கண்டிருக்கிறேன். இந்தத் தொழிலின் பெரிய பிழைகள் அநேகமாக அங்கேதான் பிறக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தனியே தொடங்குகிறவருக்கு இரண்டையும் தானே செய்யவேண்டிய தலைவிதி. நல்லதுக்குத்தான்.

உதாரணத்துக்கு நான் செய்த ஒரு சந்தியை எடுக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், அறிக்கை இன்னும் வேலை தந்தவர்களின் கையில் இருக்கிறது. நாலு கை உள்ள சந்தி. ஒரு மூலையில் சின்ன வைரவர் கோவில், எதிரே மருந்துக்கடை, சந்தியை ஒட்டினாற்போல பஸ் தரிப்பிடம், இருநூறு யார் தள்ளி ஒரு பள்ளிக்கூடம். சிக்னல் லைற் போடுவதா, நடுவில் ஒரு வட்டம் போடுவதா என்பது கேள்வி.

முதல் நாள் பார்க்கவேண்டியது செய்மதிப் படத்தில் வராத சங்கதிகளை. பஸ் தரிப்பிடக் கொட்டிலடியில் நிற்பதில்லை, அதற்கு இருபது அடி முன்னால் வேம்பு நிழலில்தான் நிற்கும், ஏனென்றால் சனம் அங்கேதான் நிற்கிறது. வலப்பக்கம் திரும்பவேண்டிய சைக்கிள்காரர் சந்திக்கே வராமல் பின்னாலுள்ள ஒழுங்கையால் வெட்டிப் போய்விடுவார். மருந்துக்கடைக்கு வருகிற மோட்டார் சைக்கிள் கடைக்கு முன் நிற்காது, எதிர்த் திசையில் கொஞ்சத் தூரம் ஓடி வந்து மூலையில் நிற்கும். இதையெல்லாம் கொப்பியில் படமாகக் கீறி வையுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

எண்ணுவது

இரண்டாம் நாள் எண்ணுகிற நாள். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிற கூட்டம் கணக்கைக் குழப்பும். பள்ளிக்கூட விடுமுறை, சோதனைக் காலம், நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாட்கள் எதுவும் வேண்டாம். திருவிழாவுக்கு வீதியை மறித்து வாகனத்தைத் திருப்பி விடுகிற பாதையில் உங்கள் சந்தி இருந்தால் மட்டும் அந்த நாட்களில் தனியாக ஒருமுறை எண்ணுங்கள். அந்தக் கணக்கையும் சாதாரண நாள் கணக்கையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால், வருஷத்தில் ஒருநாளும் நடக்காத ஒரு நாள்தான் மிஞ்சும்.

நேரம் மிகவும் முக்கியம். வெளியூரிலிருந்து வருகிற குழுக்கள் காலை இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கட ஊரில் ஒன்றரை மணிதான் ராசா. பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. என் சந்தியில் ஒன்றரைக்கு ஓடிய வாகனம் காலையை விடக் குறைவு, ஆனால் வரிசை காலையை விட நீளம். எனக்கு முதலில் விளங்கவில்லை, எண்ணியதில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், பிள்ளையை ஏற்ற வந்த தகப்பன்மார் ஒன்றேகால் மணியிலிருந்தே இரண்டு கரையிலும் மோட்டார் சைக்கிளில் குந்தியிருக்கிறார்கள். ஓட்டோக்கள் அவர்களுக்கு வெளியே இரண்டாம் வரிசை. வாகனம் கூடவில்லை, றோட்டுத்தான் மெலிந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் கணினிக்குக் கொடுத்தால் அது ஒன்றரை மணியை அமைதியான நேரம் என்று சொல்லும். ஆகவே வாகனத்தை எண்ணும்போதே, எத்தனை மீற்றர் அகலம் உண்மையில் ஓடுவதற்குக் கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். பின்னேரம் ரியூசன் விடுகிற நேரத்துக்கும் இதே கதைதான், அங்கே சைக்கிள்கள்.

நாலு கை, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று திசை. ஆகப் பன்னிரண்டு ஓட்டங்கள். ஒருவரால் எண்ண ஏலாது. மேல்மாடிக் கடைக்காரரிடம் கேட்டு அவரின் விறாந்தையில் ஒரு தொலைபேசியைக் கட்டி வீடியோ எடுங்கள். இரண்டு நாள் அவரிடம் சாமான் வாங்கினால் அனுமதி தானாக வரும். ட்ரோன் ஆசை வேண்டாம், அதற்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி முதற்கொண்டு எடுக்கவேண்டும், மதில் உயரத்தில் கிடைக்கிற படமே போதும். வீட்டுக்கு வந்து, வீடியோவைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக வெட்டி எண்ணுங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வான், மினிபஸ், பெரிய பஸ், லொறி, ரிப்பர், லாண்ட்மாஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். லாண்ட்மாஸ்டரை, அதுதான் பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, "ஏனையவை" என்ற நிரலில் போட்ட அறிக்கைகளைக் கண்டிருக்கிறேன். மரக்கறி ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் காலையில் மாட்டுப்பட்டவர் யாரும் அப்படிச் செய்யமாட்டார்.

காரை ஒன்று என்று வைத்து மற்ற வாகனங்களைக் காருக்குச் சமனாக மாற்றுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் சைக்கிளுக்கு 0.2, மோட்டார் சைக்கிளுக்கு 0.4, பஸ்ஸுக்கு 2.0, பெரிய லொறிக்கு 2.3 என்று போடுவார்கள். முதல் கணக்குக்கு அது உதவும். அந்த முதல் கணக்கைக் கையால் செய்யச் சொல்லுவேன். 1958இல் வெப்ஸ்ரர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் சிக்னலுக்கு ஒரு சூத்திரம் தந்தார். ஒரு சுற்றில் லைற் மாறும்போது வீணாகிற செக்கன்களை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். சந்தி தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை ஒன்றிலிருந்து கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் சிக்னல் சுற்றின் நீளம் வரும். 12 செக்கன் வீண், 0.7 பங்கு நிரம்பியது என்றால் 77 செக்கன். அதே சந்தி 0.9 நிரம்பியிருந்தால் 230 செக்கன். கிட்டத்தட்ட நாலு நிமிடச் சுற்றுக்கு எங்கட ஆக்கள் சம்மதிக்கமாட்டினம். இந்த இரண்டு வரியைப் போட்டுப் பார்க்காமல் இரண்டு கிழமை கணினியில் மொடல் செய்து கடைசியில் அதே விடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் மொடல்? லாண்ட்மாஸ்டருக்காக. அதன் பின்னால் சேர்ந்து வருகிற பத்து வாகனம் சந்தியில் என்ன செய்யும் என்பதைச் சராசரி சொல்லாது. ஒவ்வொரு வாகனத்தையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மொடல்

விசிம் நல்ல மென்பொருள், ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டாது. தொடங்குகிறவர்களுக்கு சுமோ போதும். ஜேர்மனியின் விண்வெளி ஆய்வு நிலையத்தவர்கள் செய்தது, இலவசம். ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து வீதிகளை அப்படியே இறக்கலாம்.

இறக்கும்போது இரண்டு பொறிகள். முதலாவது, சுமோ பிறவியிலேயே வலப்பக்கம் ஓடுகிற நாட்டுப் பிள்ளை. இடப்பக்க ஓட்டம் என்ற தெரிவை நீங்கள்தான் போடவேண்டும். நான் முதல்முறை அதை மறந்துபோனேன். யாழ்ப்பாணத்து மினிபஸ் எல்லாம் பாரிஸில் ஓடுகிற மாதிரி ஓடின. அதைப் பார்த்துச் சிரித்த பெடியன், என்னோடு வேலை செய்கிறவன், இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

இரண்டாவது பொறி சிரிக்கக்கூடியதல்ல. நில அளவையாளரிடமிருந்து வருகிற படம் எந்த ஆள்கூற்று முறையில் இருக்கிறது என்று கேளுங்கள். இலங்கையின் பழைய முறையிலும் 1999 முறையிலும் தொடக்கப் புள்ளி பீதுருதாலகால மலைதான். பழையதில் அந்தப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் 200,000 மீற்றர் என்று பெறுமானம், புதியதில் 500,000. பழைய படத்தைப் புதிய முறை என்று சொல்லித் திறந்தால் யாழ்ப்பாணம் தென்மேற்காக நகர்ந்து, கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் போய் விழும். கடலில் விழுந்தால் உடனே தெரியும், அது நல்ல பிழை. ஆபத்தானது, பொருந்தாத படத்தைக் கையால் இழுத்து "கிட்டத்தட்ட" பொருத்துவது. அதற்குப் பிறகு வருகிற மதிலும் மதகும் ஒவ்வொரு மீற்றராகப் பிசகும்.

அடுத்தது ஓட்டும் குணம். சுமோவில் கார் ஒன்றின் நீளம் 5 மீற்றர், நிற்கும்போது முன்வாகனத்துக்கு விடுகிற இடைவெளி 2.5 மீற்றர், ஒவ்வொருவரும் றோட்டில் கீறிய தன் தன் பாதைக்குள் ஒழுங்காக. எங்கள் ஊரில் எதுவும் அப்படி இல்லை. ஒரு பாதைக்குள் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும் நிற்கும், சிவப்பு விழுந்ததும் பின்னாலிருந்த மோட்டார் சைக்கிள் எல்லாம் இடுக்குகளால் ஊர்ந்து முன்னுக்கு வந்து குவியும். அதற்கு அந்தப் பாதையை நீளவாட்டில் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கிற வசதி சுமோவில் இருக்கிறது. நான் 0.4 மீற்றர்க் கீற்றாக வைப்பேன். அதை வைத்தவுடன் கணினி மெதுவாகும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மொடல் ஓடத் தொடங்கியதும் ஒத்துப்பார்ப்பது. உலகம் முழுக்கப் பாவிக்கிற அளவுகோல் லண்டனில் வேலை செய்த ஜெஃப்ரி ஹேவர்ஸ் என்பவரின் பெயரில் வந்தது, ஜி.ஈ.எச். என்பார்கள். மொடலின் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் பிரித்து, வர்க்கமூலம் எடுங்கள். ஓட்டங்களில் 85 வீதத்தில் விடை ஐந்துக்குக் கீழே வரவேண்டும். நீங்கள் எண்ணியது மணிக்கு 400, மொடல் 460 என்றால் விடை 2.9, தப்பியது. எண்ணியது 160, மொடல் 100 என்றால் 5.3, தப்பவில்லை. இரண்டிலும் பிசகு அறுபதுதான், ஆனால் சின்ன ஓட்டத்தில் அறுபது பெரிய பிழை.

ஜி.ஈ.எச். தப்பியதும் மொடல் சரியென்று கொடியேற்றவேண்டாம். எத்தனை வாகனம் கடந்தது என்பதைத்தான் அது பார்க்கும், எவ்வளவு நேரம் நின்று கடந்தது என்பதைப் பார்க்காது. அதற்கு நான் மின்கம்பங்களை வைத்திருக்கிறேன். எண்ணுகிற நாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையின் வால் எத்தனையாவது கம்பத்தில் நிற்கிறது என்று ஒருவர் எழுதவேண்டும். கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பிறகு நாடாவால் அளக்கலாம். மொடலிலும் அதே இடங்களில் புள்ளி வைத்து வாலைப் பாருங்கள். கொக்குவில், கோண்டாவில் பக்கம் வேலை என்றால் ரயில் கடவை மூடுகிற நேரமும் திறக்கிற நேரமும் அதே தாளில் வரவேண்டும். 1990இல் நின்ற ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. கடவையில் நிற்கிற வரிசை சந்திவரை வந்துவிட்டால், சந்தியில் நீங்கள் என்ன வித்தை காட்டினாலும் பலனில்லை.

ஒரே மொடலைப் பத்துத் தரம், தொடக்க எண்ணை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வாகனங்கள் வருகிற ஒழுங்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், விடையும் மாறும். ஒருமுறை ஓட்டி எடுத்த விடை, ஒரு நாள் நாடியைப் பிடித்துச் சொன்ன சாதகம் மாதிரி.

என் சந்தியில் சிக்னலையும் ஓட்டினேன், வட்டத்தையும் ஓட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று வெல்லவில்லை. பெடியன்தான் "அண்ணை, பஸ்ஸைத் தள்ளி நிப்பாட்டிப் பாப்பமே" என்றான். பஸ் தரிப்பிடத்தைச் சந்தியைத் தாண்டி அந்தப் பக்கம் மாற்றி, சிக்னலோடு ஓட்டினோம். ஒன்றரை மணி வரிசை இரண்டு கம்பம் குறைந்தது. வட்டத்தோடு ஓட்டியபோது அவ்வளவு குறையவில்லை.

படம்

இனி இதை மண்டபத்தில் காட்டவேண்டும். மூப்பரிமாணப் படத்துக்கு பிளெண்டர் இலவசம், நல்லது. ஒரு விதியை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். படத்தில் ஓடுகிற ஒவ்வொரு வாகனமும் மொடலிலிருந்து வரவேண்டும். கையால் நாலு காரை அழகாக ஓடவிட்டு வீடியோ செய்வது சுலபம், பார்க்கவும் வடிவு. ஆனால் அது நீங்கள் காண்கிற கனவு, வேலை தந்தவர் காசு தந்தது அதற்கில்லை. சுமோவிடம் கேட்டால் ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு வாகனமும் எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு கோப்பாகத் தரும். அதைச் சின்னப் பைதன் நிரலால் பிளெண்டருக்குள் வாசியுங்கள். மொடலை ஒரு செக்கனுக்கு ஒருமுறை என்றில்லாமல் 0.1 செக்கனுக்கு ஒருமுறை ஓட்டினால் அசைவு வெட்டி வெட்டி வராது. பத்து ஓட்டத்தில் வடிவானதை எடுக்கவேண்டாம், நடுத்தரமானதை எடுங்கள்.

வாசிக்கும்போது கோணம் கவனம். சுமோ வடக்கைப் பூச்சியமாக வைத்து மணிக்கூட்டு முள் திசையில் எண்ணும், பிளெண்டர் எதிர்த்திசையில். மாற்ற மறந்தால் பஸ் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். அதைவிட நுணுக்கமான ஒன்றில் நான் அடிபட்டேன். சுமோ தருகிற புள்ளி வாகனத்தின் முன் பம்பரின் நடு. நான் கீறிய பஸ்ஸின் புள்ளி உடம்பின் நடு. வித்தியாசம் பஸ்ஸின் அரைவாசி நீளம். 12 மீற்றர் பஸ் 6 மீற்றர் முன்னுக்கு நிற்கும். மண்டபத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழும்பினார். "தம்பி, சிவப்பு லைற் போட்டும் உங்கட பஸ் முழுக்க கடவைக்கு மேல நிக்குதே, அப்ப பிள்ளையள் எங்காலை கடக்கிறது?" மொடலில் பஸ் கோட்டில்தான் நின்றது. அவருக்கு அதை விளங்கப்படுத்த அன்றைக்கு என்னால் முடியவில்லை. படம் பொய் சொன்னது சொன்னதுதான்.

வெயிலையும் எங்கள் ஊர் வெயிலாக்குங்கள். ஐரோப்பாவில் மத்தியான நிழல் எப்போதும் வடக்கே விழும். சித்திரைப் புத்தாண்டையொட்டி எங்களுக்குச் சூரியன் நேர் உச்சியில், அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மத்தியான நிழல் தெற்கே விழும். பஸ் தரிப்பிடத்தை எந்தக் கரையில் வைப்பது, கூரை எந்தப் பக்கம் சரியவேண்டும் என்ற பேச்சு வரும்போது இது வெறும் அலங்காரமில்லை. மரங்களை ஐரோப்பியத் தொகுப்பிலிருந்து எடுக்கவேண்டாம். ஒரு வேம்பும் ஒரு பனையும் ஒருமுறை நீங்களே செய்துவையுங்கள், ஆயுள் முழுக்க உதவும். குளிர்ச்சட்டை போட்ட வெள்ளைக்கார உருவங்கள் நடக்கிற யாழ்ப்பாண வீதிப் படம் ஒன்றை ஒரு கூட்டத்தில் பார்த்தேன், சனம் திட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கமராவைப் பறவை உயரத்தில் வைக்காமல் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றரில் வையுங்கள். அந்த உயரத்திலிருந்துதான் கடைக்காரர் தன் கடையைப் பார்க்கிறார்.

பெரிய அடி வைரவரால் விழுந்தது. கோவிலைக் கீற நேரமிருக்கவில்லை. பிறகு போடலாம் என்று அந்த மூலையைப் புல்லாக விட்டேன். கூட்டத்தில் வீடியோ ஓடி முடிய மண்டபம் மௌனம். முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், "அப்ப வைரவரை எங்க கொண்டுபோகப் போறியள்?" என்றார். எங்கும் கொண்டுபோகவில்லை ஐயா, நேரம் போதாமல் விட்டது என்றேன். அவர் நம்பவில்லை. நானென்றாலும் நம்பியிருக்கமாட்டேன். அடுத்தநாள் காலை கோவில் இடிபடப் போகுது என்று ஊர் முழுக்கக் கதை. வைரவரைச் சூலத்தோடு, மணியோடு கீறி, ஒரு துண்டும் அசையவில்லை என்று வீடு வீடாகக் காட்டி முடிக்க இரண்டு கிழமை போனது. நீங்கள் கீறாமல் விட்டதைச் சனம் நீங்கள் அகற்றிவிட்டதாகத்தான் வாசிக்கும். ஆகவே முதலில் கோவில், கிணறு, பழைய மரம், சுமைதாங்கிக் கல், பெயர்ப்பலகை. அதன் பிறகு வெள்ளைக்கோடு.

கூட்டத்துக்குப் போகும்போது நீட்டு வயர் ஒன்று கொண்டுபோங்கள். பகல் வெளிச்சத்தில் புறொஜெக்ரர் மங்கும், மென்நிறங்கள் எல்லாம் வெள்ளையாகிவிடும், இருட்டான நிறங்களில் செய்யுங்கள். முதலில் புதிய வடிவமைப்பைப் போடவேண்டாம். இன்றைக்குச் சந்தி எப்படி இருக்கிறதோ அதைப் போடுங்கள், ஒன்றரை மணி, மோட்டார் சைக்கிள்கள், வேம்படியில் நிற்கிற பஸ். சனம் "ஓம், ஓம், இதுதான்" என்று தலையாட்டுகிற வரைக்கும் அதையே ஓடவிடுங்கள். தலையாட்டவில்லையென்றால் உங்கள் மொடலில் எங்கேயோ பிழை, அங்கேயே கேட்டு எழுதுங்கள். பிறகுதான் மாற்றியது.

என் இரண்டாவது கூட்டத்தில் வைரவர் இருந்தார், பஸ் கோட்டில் நின்றது, தலைகள் ஆடின. கடைசியில் பின்னாலிருந்து ஒரு அம்மா எழும்பினா. அந்தச் சந்தியில் காலையில் கடகத்தில் மீன் வைத்து விற்கிறவ. "தம்பி, எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. உந்தப் படத்தில நான் எங்க?" என்றா. பெடியன் என்னைப் பார்த்தான். நான் கொப்பியைப் புரட்டினேன். முதல் நாள் கீறிய கோணல் படத்தில் வேம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது, "மீன்" என்று எழுதி. புதிய கடவை சரியாக அந்த வட்டத்துக்கு மேலால் போனது.

கடவையை நாலு மீற்றர் தள்ளினேன். நிற்கும் கோடும் அதோடு நகர்ந்தது. மொடலை மறுபடி பத்துத் தரம் ஓட்டினோம், வரிசை அதே கம்பத்தில்தான் நின்றது.